கூப்பிட வந்தவன் பின்னால நடக்கணும்

கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே. இந்தாங்க, டீ. பயப்படாம வாங்கிக்கங்க, இது மண்டபத்து டீ இல்ல. மண்டபத்துத் தண்ணியக்கூட நீங்க இப்பத் தொட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? எதிர்த்த கடையில நானே வாங்கிட்டு வந்தேன். சீனி கம்மியாத்தான் போடச் சொன்னேன். கோவமா இருக்கிறப்ப இனிப்பு எறங்காது.

ஆமா, மண்டபத்துலருந்துதான் வர்றேன். பேரு தவசி. பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது, உங்களக் கூப்பிடத்தான் வந்திருக்கேன். ஆனா இப்பக் கூப்பிட மாட்டேன். நீங்க பொண்ணுக்குத் தாய்மாமன். கூப்பிட்ட ஒடனே எந்திரிச்சு வந்தா உங்களுக்கு என்ன மரியாதை? முகூர்த்தத்துக்கு முக்கா மணி நேரம் கெடக்கு. பைய உக்காருவோம்.

நடந்தது தப்புண்ணே. அத நான் மறைக்கல. நீங்க சீரோட வந்து எறங்குறீங்க. பொம்பளைக தட்ட ஏந்திக்கிட்டு வெயில்ல நிக்கிறாங்க. மேளம் வாசலுக்கு வந்து எதிர்கொண்டு கூட்டிட்டுப் போகணும், அதான முறை? மேளக்காரய்ங்க என்னடான்னா பந்தியில உக்காந்து பொங்கலுக்கு இன்னுங் கொஞ்சம் சட்னி கேட்டுக்கிட்டு இருக்காய்ங்க. உங்க தங்கச்சி மாப்ள ஐயரத் தேடி மாடிக்குப் போயிட்டாரு. வாங்கன்னு சொல்ல வாசல்ல ஈ காக்கா இல்ல. நான் ஒருத்தன் நின்னேன். நான் சொன்னா அது வரவேற்பாகுமா? தட்டுகள மட்டும் உள்ள அனுப்பிச்சுட்டு, மாலைப் பையத் தூக்கிட்டு நீங்க நடந்தீங்க பாருங்க. நான் எத்தனையோ பேரு நடக்கிறதப் பாத்திருக்கேன். உங்க நடை நல்ல நடை.

அந்தப் பைய வெயில் படாம இந்தப் பக்கமா வச்சுக்கங்க. பூ வாடிரும். நீங்க அந்த மாலையப் போட்டாத்தான் பொண்ணு மணவறைக்கு வரும். நிவேதா மாடியில அலங்காரமெல்லாம் முடிஞ்சு உக்காந்திருக்கு. மாமா வராம எறங்க மாட்டேன்னு சொல்லிருச்சு. உங்க மனசக் கரைக்கிறதுக்காக இதச் சொல்லல. ஒரு தகவலுக்குச் சொல்றேன்.

எப்படி நேரா இந்த பஸ் ஸ்டாப்புக்கே வந்தேன்னுதான பாக்குறீங்க? இதாண்ணே என் வேலை. கல்யாண வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் போறவங்களத் திருப்பிக் கூட்டிட்டு வர்றது. சிரிங்க, சிரிங்க. எம்பொண்டாட்டி பஞ்சவர்ணமும் மொதல்ல இப்படித்தான் சிரிச்சா. இன்னைக்கு மண்டபம் புக் பண்ண வர்றவங்க, ஏசி இருக்கா, ஜெனரேட்டர் இருக்கா, தவசி இருக்காரான்னு கேக்குறாங்க. சுத்துப்பட்டுல வேற மண்டபத்துக்காரங்களும் அவசரம்னா எனக்குத்தான் போன் போடுறாங்க.

சும்மா வந்து சேரலண்ணே இந்த வேலைக்கு. நான் சுத்தின சுத்து அப்படி. மொதல்ல மதுரையில ஒரு ஜவுளிக்கடை. சேலை செக்‌ஷன். ஒரு நா ஒரு குடும்பம் வந்துச்சு. அடுக்குல இருந்த அம்புட்டுச் சேலையையும் விரிச்சுக் காட்டச் சொன்னாக. விரிச்சேன். நான் இடுப்பளவு சேலைக்குள்ள நிக்கிறேன். கடைசியில அந்தம்மா, பக்கத்துக் கடையிலயும் பாத்துட்டு வந்துர்றோம்னுட்டு எந்திரிச்சுருச்சு. நான் ஒண்ணும் சொல்லல. பாத்தேன், அம்புட்டுத்தான். அதுக்கு சூப்பர்வைசர் வந்து, மொகத்தக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்கப்பாங்கிறாரு. எம்மொகம் எப்படி இருக்கணும்னு எங்கம்மா பெத்தப்பவே முடிவாயிருச்சு, இவரு யாரு? சேலைய அப்படியே போட்டுட்டு எறங்கிட்டேன்.

ரோசம் இல்லண்ணே. ரோசம்னு எனக்குக் கிடையவே கிடையாது. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? எதிர்த்த டீக்கடையில உக்காந்தேன். கடை அடைக்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன். அந்த சூப்பர்வைசரும் அங்கதான் டீ குடிக்க வந்தாரு. எம்பக்கத்துலதான் நின்னாரு. குடிச்சாரு, போயிட்டாரு. ஒரு வார்த்தை, தவசி வாப்பான்னு சொன்னா என்ன கொறைஞ்சு போவாரு? ஜனங்களுக்கு அந்தப் பக்குவம் இல்ல.

பெறகு மினி பஸ்ல கண்டக்டர். அது நல்லாத்தான் போச்சு. ஒரு நா நான் விசில் குடுக்கல, டிரைவர் வண்டிய எடுத்துட்டான். நீங்களே சொல்லுங்க, விசில் குடுக்கிறது யாரு? கண்டக்டரு. அவன் பாட்டுக்கு எடுத்தா நான் எதுக்கு? அடுத்த ஸ்டாப்புல எறங்கி ரோட்டோரமா நின்னுட்டேன். டிரைவர் வந்து கூப்பிடட்டும்னு நின்னேன். அவன் என்ன செஞ்சான் தெரியுமா? தானே வாயால விசிலடிச்சுட்டு எடுத்துட்டுப் போயிட்டான். உள்ள இருந்த ஜனம் எனக்குக் கைய ஆட்டுது, நான் ஊருக்குப் போறேனாக்கும்னு.

அதுக்கப்பறம் ஒரு ஸ்கேன் சென்டர். வந்திருக்கவங்க பேரக் கூப்பிட்டு வரிசையா உள்ள அனுப்பணும். எனக்கு மினி பஸ் தொண்டை. நான் கூப்பிட்டா உள்ள படுத்திருக்கவங்களும் சேந்து எந்திரிச்சு வருவாங்க. டாக்டரம்மா, அண்ணா கொஞ்சம் மெதுவாக் கூப்பிடுங்கன்னு சொன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா சொன்ன எடம் இருக்குல்ல, அம்புட்டுப் பேருக்கு முன்னால. சரி, மெதுவாத்தான வேணும்னு மறுநா மனசுக்குள்ளயே கூப்பிட்டேன். மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகல. டாக்டரம்மா வெளிய வந்து பாத்தா ஹால் முழுக்க ஆளு. அன்னைக்கு சாயங்காலம் அவங்களே, அண்ணா நீங்க வீட்லயே இருங்கன்னுட்டாங்க.

பரோட்டாக் கடை கதைய விடுங்க. சால்னாவுல உப்பு சரியா இருக்குன்னு நான் சொன்னதுக்கப்பறமும் ஓனர் தானே ஒரு வாய் நக்கிப் பாத்தாரு. அதுக்கு மேல அங்க நின்னா நான் மனுசனா?

பஞ்சவர்ணம் ஒரு நா காலையில சோத்து வாளியக் கையில குடுக்கிறப்ப கேட்டா, "நீங்க வேலைக்குப் போறீகளா, கோவிச்சுக்கிட்டு வரப் போறீகளா? சொன்னா அதுக்குத் தகுந்த மாதிரி சோறு வைப்பேன்"னு. அவளுக்கு எம்மேல பாசம் ஜாஸ்தி. பேச்சுதான் கொஞ்சம் அப்படி.

கடைசியில ஒரு வேலையும் அமையாம, இந்த மண்டபத்துக்கு வாட்ச்மேனா வந்தேன். வாட்ச்மேன் வேலையில ஒரு நிம்மதி, ஒருத்தனும் நம்மள எதுவும் சொல்ல மாட்டான். ஏன்னா ஒருத்தனும் நம்மளப் பாக்கவே மாட்டான். கேட்டத் தொறந்தேன், மூடினேன். இவ்வளவுதான் நம்ம தலையெழுத்துன்னு இருந்தேன்.

அப்ப ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா ஒருத்தர், நல்லா ஒசரமா, ஜிப்பா போட்டுக்கிட்டு வந்திருந்தாரு. மேடையில போட்டோ எடுக்கிறவன், பெரியவரே கொஞ்சம் ஃபிரேம விட்டுத் தள்ளிக்கங்கன்னு சொல்லிருக்கான். அம்புட்டுத்தான். மனுசன் எறங்கிப் போயிட்டாரு. அவரு வந்து தாலிய ஆசீர்வாதம் பண்ணிக் குடுக்காம மாப்பிள்ளையோட அப்பா எதையும் தொட மாட்டேங்கிறாரு. அண்ணன் தம்பி பாசம். ஆளுக நாலா பக்கமும் ஓடுறாய்ங்க. பஸ் ஸ்டாண்டுல தேடுறாய்ங்க, லாட்ஜுல தேடுறாய்ங்க, ஒருத்தன் ரயில்வே கேட்டு வரைக்கும் போயிட்டான். பொண்ணு வீட்டுப் பொம்பளைக அழுக ஆரம்பிச்சுட்டாங்க.

நான் கேட்டுல நின்னு யோசிச்சேன். ஒரு மனுசன் கோவிச்சுக்கிட்டுப் போனா எங்க போவாரு? ரொம்பத் தூரம் போக மாட்டாரு, போனா தேடி வர்றவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? ரொம்பக் கிட்டயும் இருக்க மாட்டாரு, இருந்தா காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி தெரிஞ்சு போகும். அங்கருந்து பாத்தா மண்டபத்து வாசல் தெரியணும். வாசல்லருந்து பாத்தா அவரு தெரியக் கூடாது. அப்படி எடம் இந்த ரோட்டுல ஒண்ணே ஒண்ணுதான், பஞ்சர் கடைக்குப் பின்னால இருக்கிற மதகு. நேராப் போனேன். ஜிப்பாவோட உக்காந்திருக்காரு. எனக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் விளங்கலண்ணே. மூளைதான், வேறென்ன.

போயி என்ன பேசுறதுன்னு தெரியல. பக்கத்துல உக்காந்துட்டேன். ரெண்டு பேரும் லாரி போறதப் பாத்துக்கிட்டு இருந்தோம். கொஞ்ச நேரங்கழிச்சு அவரே, உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டாரு. ஒண்ணுமே நடக்கலய்யா, நீங்க இல்லாம என்ன நடக்கும்னேன். வேட்டியச் சரி பண்ணிக்கிட்டாரு. எந்திரிக்கிறதுக்குக் கையப் புடிச்சு விட்டேன். முன்னால அவரு நடந்தாரு, பின்னால நான் நடந்தேன். அவரு உள்ள நுழைஞ்சப்ப அவரு தம்பி ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டாரு. நான் கேட்டுல போயி நின்னுக்கிட்டேன்.

அண்ணே, அன்னைக்கு எனக்கு என்னமோ ஆயிருச்சு. வயிறு நெறஞ்ச மாதிரி இருந்துச்சு. பந்தியில உக்காரக்கூட இல்ல. வீட்டுக்குப் போயி பஞ்சவர்ணத்துக்கிட்ட சொல்லிச் சொல்லி அவளத் தூங்கவே விடல. இத்தனை வேலை பாத்தேன், ஒண்ணுலயும் அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததில்ல.

மேனேஜர் தெய்வேந்திரன் பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. அடுத்த கல்யாணத்துல, தவசி ஒருத்தர் போயிட்டாருய்யான்னு அவரே ஓடி வந்தாரு. அப்படியே என்னையக் கேட்டுலருந்து எடுத்து இதுக்குன்னே போட்டுட்டாரு.

இதுல தொழில் முறை நெறைய இருக்குண்ணே. மொதல்ல செருப்பப் பாக்கணும். வாசல்ல செருப்ப விட்டுட்டு வெறுங்கால்ல போனா, பாதி வேலை முடிஞ்ச மாதிரி. செருப்ப மாட்டிக்கிட்டுப் போனா கொஞ்சம் பேச வேண்டியிருக்கும். அடுத்து, எந்தப் பக்கம் உக்காந்திருக்காகன்னு பாக்கணும். கோவிச்சுக்காதீங்க, நீங்க செக்கானூரணிதான? செக்கானூரணிக்கு பஸ்சு எதிர்ப்பக்கத்துல நிக்கும். நீங்க உக்காந்திருக்கிறது தேனி பஸ்சு நிக்கிற பக்கம். நான் வந்ததுலருந்து மூணு தேனி பஸ்சு போயிருச்சு, நீங்க தலையத் தூக்கிக்கூடப் பாக்கல. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லண்ணே. எல்லாரும் இப்படித்தான். நெசமாப் போறவன் இங்க உக்கார மாட்டான்.

அப்பறம் எதிர்ல நின்னு பேசக் கூடாது, பக்கத்துல உக்காரணும். கூட ஆளு கூட்டிட்டு வரக் கூடாது. மன்னிச்சுக்கங்கன்னு நாம சொல்லக் கூடாது, அது சொல்ல வேண்டியவங்க சொல்ல வேண்டியது. எல்லாத்துலயும் முக்கியமானது, திரும்பிப் போறப்ப கோவிச்சவரு முன்னால நடக்கணும், கூப்பிட வந்தவன் பின்னால நடக்கணும். முன்னால நாம போனா, அவர இழுத்துட்டுப் போற மாதிரி ஆயிரும். அவரா வர்றாருன்னு இருக்கணும். வாசல்ல எல்லா ஏற்பாடும் பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். நான் இந்தத் துண்ட எடுத்து ஒரு தடவ உதறினா, மேளம் கேட்டுக்கு வெளிய வந்துரும். உங்க தங்கச்சி மாப்ள சந்தனக் கிண்ணத்தோட நிப்பாரு. அந்த மேளக்காரய்ங்களுக்கு இனி தாலி கட்டுற வரைக்கும் பச்சத் தண்ணி கிடையாது.

என்னண்ணே கேட்டீங்க? எனக்குத் தங்கச்சி இருக்காவா? இருக்கா. செல்வராணி. ஆண்டிபட்டியில குடுத்திருக்கு. ஏன் கேக்குறீங்க?

போக்குவரத்து இல்லண்ணே. அது ஒரு கதை. வேணாம். சரி, நேரந்தான் இருக்கே. அவ மக தாரணிக்கு சடங்கு வச்சாக. நான் தாய்மாமன். உங்கள மாதிரியேதான், சீரெல்லாம் தூக்கிட்டுப் போறேன். வாசல்ல ஃபிளெக்ஸ் வச்சிருக்காக. அதுல பங்காளிக எல்லாம் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு, காதுல போன வச்சுக்கிட்டு நிக்கிறாய்ங்க. நடுவுல எம்போட்டோ. பெரிசாத்தான் போட்டிருக்காக. ஆனா கண்ண மூடியிருக்கேன். எங்கண்ணு மூடியிருக்குண்ணே. கண்ண மூடின ஆளோட போட்டோவ ஃபிளெக்ஸுல பாத்தா இந்த ஊர்ல ஜனம் என்ன நெனைக்கும்? கண்ணீர் அஞ்சலின்னு நெனைக்கும். ஒரு கெழவி நெசமாவே கையெடுத்துக் கும்பிட்டுட்டு உள்ள போகுது.

சிரிக்காதீங்கண்ணே. உங்க மேளத்துக்கு நான் சிரிச்சேனா?

சீர எறக்கி வச்சுட்டு வெளிய வந்துட்டேன். ரோசம் இல்ல, நியாயம். பஸ் ஸ்டாப்புல உக்காந்தேன். உக்காந்தேன், உக்காந்தேன், ஒருத்தரும் வரல. தேனி பஸ்சு வந்து நின்னுச்சு. கண்டக்டர் பய, ஏறுறியா இல்லையான்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேட்டுப்புட்டான். ஏறிட்டேன். தேனிக்குப் போயி, அங்கருந்து நம்ம ஊரு உசிலம்பட்டிக்கு வேற பஸ்சு புடிச்சேன். அது மறுபடி அதே ஆண்டிபட்டி வழியாத்தான வரும்? அதே மண்டபத்தத் தாண்டித்தான் வந்துச்சு. மேளம் கேட்டுச்சு. நான் தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன். அன்னையிலருந்து அந்த வீட்டு வாசப்படி மிதிக்கல.

எதுக்குத் தேனி பஸ்சுல ஏறினேனா? அது... அது வந்த பஸ்சு. ஏறினேன். நீங்க எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கீங்க.

இப்ப தாரணிக்குக் கல்யாணம். ஆவணியில. எங்கன்னு நெனைக்கிறீங்க, இதே மண்டபத்துல. செல்வராணியும் மாப்ளயும் பத்திரிக்க வைக்க வந்தாக. நான் உள்ளதான் படுத்திருந்தேன், சொவத்தப் பாத்து. எங்க வீட்ல ஒரே ரூம்புதான். என்னான்னு சொல்றது, பஞ்சவர்ணம் அவுககிட்ட, அண்ணன் இருக்காக, ஆனா இல்லன்னு சொல்லிட்டா. செல்வராணி கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, தட்ட வச்சுட்டுப் போயிட்டா. மேனேஜர், அன்னைக்கு உனக்கு வேலை இருக்கும் தவசின்னாரு. லீவு சொல்லிட்டேன். அன்னைக்கு எவன் கோவிச்சுக்கிட்டுப் போனா எனக்கென்ன?

அதுவும் இதுவும் ஒண்ணா? இல்லண்ணே, இது வேற. உங்களது கோவம். என்னது நியாயம்.

சரி, அத விடுங்க. நேரமாச்சு. அங்க பாருங்க, மாடி ஜன்னல்ல செகப்பாத் தெரியுதுல்ல, அது நிவேதாதான். இங்கதான் பாக்குது. நீங்க தூக்கி வளத்த பிள்ளைன்னாங்க. எந்திரிப்போமா? பைய நான் வாங்கிக்கவா?

என்னது?

இல்ல, அது முடியாதுண்ணே. உங்களக் கூப்பிட வந்த எடத்துல நான் எதுக்கு எந்தங்கச்சிக்குப் போன் போடணும்? நான் போட்டாத்தான் நீங்க எந்திரிப்பீங்கன்னா, அது என்ன வழக்கு? என் தொழில்ல ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல. பாருங்க, மேளக்காரய்ங்க எட்டிப் பாக்குறாய்ங்க. அண்ணே, ஐயர் கத்துவாரு. பிள்ள முகத்தப் பாருங்கண்ணே. நான் இதுவரைக்கும் ஒருத்தரக்கூட விட்டுட்டுப் போனதில்ல. எம்பொழப்புல மண்ணப் போட்டுறாதீங்க.

சரி. போடுறேன். உங்களுக்காக இல்ல, அந்தப் பிள்ளைக்காகப் போடுறேன். நம்பரு இல்லயே... இருக்கு. இந்தா அடிக்குது. எடுக்க மாட்டா. எடுக்கலைன்னா நீங்க வரணும், சரியா?

செல்வராணி. நான்தான்.

நான்தான் தாயி, அண்ணன். ஒண்ணுமில்ல. சும்மாதான். எல்லாரும் நல்லா இருக்கோம். ஏன் அழுகுற? ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. இங்க ஒருத்தர், ஒரு பெரிய மனுசர், போடச் சொன்னாரு... ஆமா. ஆமா, அன்னைக்கு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. ஆனா நீ ஒரு வார்த்தை வந்து கூப்பிட்டிருக்கலாம்ல.

என்ன சொல்ற?

எங்க நின்ன?

அண்ணே, வந்திருக்கா. அன்னைக்கு வந்திருக்கா. பட்டுச் சேலையோட, வெறுங்கால்ல ஓடி வந்திருக்கா. எதிர்ப்பக்கம் நின்னிருக்கா. "நீ ஊருக்குத்தானண்ணே போவேன்னு ஊருக்குப் போற பக்கமே நின்னு பாத்தேன்"ங்கிறா. உசிலம்பட்டி பஸ்சு ஒண்ணொண்ணா ஏறி ஏறித் தேடியிருக்கா. நான் இந்தப் பக்கம் உக்காந்திருந்திருக்கேன். நடுவுல லாரியும் பஸ்சும் போயிக்கிட்டு வந்துக்கிட்டு. அவ கால் சுட்டு நின்னிருக்கா, நான் தேனிக்குப் போயிட்டேன்.

பாவம், தொழில் தெரியாத பிள்ள. கோவிச்சுக்கிட்டுப் போனவன் ஊருக்குப் போற பக்கமா உக்காந்திருப்பான்? அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நான்தான் சொல்லியிருக்கணும். அண்ணன்னு ஒருத்தன் இருந்து என்னத்துக்கு.

தாயி, வச்சுறாத. இருக்கேன். ஆமா, ஆவணியில. வர்றேன். மேளமெல்லாம் வேணாம்... சரி, மேளம் இருக்கட்டும். அந்த ஃபிளெக்ஸுக்கு நானே ஒரு போட்டோ எடுத்து அனுப்புறேன். வையி. பெறகு பேசுறேன். இங்க வேலையா இருக்கேன்.

ஒண்ணுமில்லண்ணே. டீ குடிச்சதுல புரையேறிருச்சு. நான் குடிக்கலதான். சரி, நீங்க சொன்னதச் செஞ்சுட்டேன். எந்திரிங்க. பையப் பிடிங்க, மாலை நசுங்கிறாம. நீங்க முன்னால போங்க, நான் பின்னால வர்றேன்.

போங்கண்ணே. ஏன் நிக்கிறீங்க? வண்டி வருது, பாத்து. நீங்கதான முன்னால போகணும், அதான முறைன்னு இவ்வளவு நேரம் சொன்னேன்.

என்னண்ணே இது, எல்லாரும் பாக்குறாங்க. நானா முன்னால போறது? நான் கூப்பிட வந்தவண்ணே.

சரி. சரி, நடக்கிறேன். தோள்லருந்து கைய எடுங்க, நடக்கிறேன்னு சொல்லிட்டேன்ல. இந்தாங்க துண்டு. நீங்களே உதறுங்க.